முதல் நாளிலேயே தொடங்குங்கள்: மட்டக்களப்பு, அம்பாறை ஹோமியோபதி வைத்தியர்களுக்குக் கேஸ் ரிப்போர்ட் வழிகாட்டி

களுவாஞ்சிக்குடிப் பக்கம் கிளினிக் தொடங்கி மூன்றாவது வருடம், என் முதல் கேஸ் ரிப்போர்ட்டை, அதாவது ஒரு நோயாளியின் வருத்தத்தையும் மருத்துவத்தையும் விவரிக்கும் கட்டுரையை, ஒரு மருத்துவ இதழுக்கு அனுப்பினேன். பத்து வருடமாக இரண்டு கையிலும் கரப்பானோடு வாழ்ந்த ஒரு அக்கா. மீன் வெட்டிக் கழுவிக் கொடுக்கிற தொழில். ஐந்து மாத மருந்தில் கை தெளிந்துவிட்டது. எனக்குத் தாங்க முடியாத சந்தோசம். இரண்டு இரவில் எழுதி முடித்து அனுப்பினேன். பதினொரு நாளில் மூன்று கேள்விகளோடு திரும்பி வந்தது. மருந்து தொடங்கும் முன் எடுத்த படம் எங்கே? இந்த ஐந்து மாதத்தில் வேறு என்ன பூசினார், என்ன குடித்தார்? வெளியிடுவதற்கு அவர் எழுத்தில் சம்மதம் தந்தாரா?

மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. இரண்டாவது கேள்விக்காக அந்த அக்காவிடம் போய்க் கதைத்தபோதுதான் விசயம் தெரிந்தது. மகளின் பிள்ளைப்பேற்றுக்காக அக்கரைப்பற்றில் மூன்று மாதம் நின்றிருக்கிறார். அந்த மூன்று மாதமும் மீனைத் தொடவில்லை. மகள் வீட்டில் உடுப்புத் தோய்க்கவும் மெஷின். இடையில் இரண்டு தரம் பாமசியில் ஸ்டீரொயிட் கிரீம் வாங்கிப் பூசியுமிருக்கிறார். கேட்டிருந்தால் முதலே சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. தொழிலுக்குத் திரும்பிய பிறகு விரல் இடுக்கில் பழையபடி வெடிப்பு வரத் தொடங்கியிருந்தது.

அடுத்த கேஸை வேறு விதமாகச் செய்தேன். நோயாளி வந்த முதல் நாளிலிருந்து கட்டுரை வெளிவந்த நாள் வரை 14 மாதம் பிடித்தது. அதில் பாதிக் காலத்தை யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால் மிச்சப்படுத்தியிருக்கலாம். எழுவான்கரையிலோ படுவான்கரையிலோ, கல்முனையிலோ சம்மாந்துறையிலோ புதிதாகக் கிளினிக் போட்டிருக்கும் உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. கேஸ் தேடும் முன் உங்கள் கடதாசிகளைச் சரிபாருங்கள்

இந்தியாவில் ஐந்தரை வருடம் பி.எச்.எம்.எஸ். என்ற ஹோமியோபதிப் பட்டம் முடித்து அங்கே ஒரு மாநிலத்தில் பதிந்திருந்தாலும் அது இங்கே போதாது. 2016ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க ஹோமியோபதிச் சட்டத்தின் கீழான பதிவு உங்களுக்கு இருக்க வேண்டும். ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவின் விண்ணப்பத்தில் பதிவு இலக்கம் கேட்பார்கள். பதிவுச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ், அடையாள அட்டை மூன்றையும் ஒரே நாளில் தெளிவாக ஸ்கேன் செய்து ஒரு கோப்பில் போட்டுவையுங்கள். பெயரின் எழுத்துக்கூட்டல் மூன்றிலும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். அப்பாவின் பெயர் ஒன்றில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருந்ததால் எனக்கு இரண்டு கிழமை வீணானது.

ஓர்கிட் என்ற ஆய்வாளர் அடையாள இலக்கம் இலவசம். ஐந்து நிமிட வேலை. இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

2. எந்தக் கேஸ் எழுதத் தகுந்தது

சுகமான எல்லாக் கேஸும் எழுதத் தகுந்ததல்ல. தானாகவே மாறிப்போகும் வருத்தங்களை முதலில் ஒதுக்குங்கள். பிள்ளைகளின் கையில் வரும் மருக்கள் பெரும்பாலானவை இரண்டு வருடத்துக்குள் எந்த மருந்தும் இல்லாமலே மறையும். 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த சிறுநீரகக் கல் பெரும்பாலும் தானே இறங்கிவிடும். நம்மவர்கள் அதிகம் எழுதி அனுப்புவது இந்த இரண்டையும்தான். இதழுக்காகக் கட்டுரையை வாசித்துப் பார்க்கும் மதிப்பீட்டாளர் இதைத்தான் முதலில் கேட்பார்: மருந்து கொடுக்காவிட்டால் என்ன நடந்திருக்கும்?

நல்ல கேஸ் என்று நான் கருதுவது இப்படிப்பட்டது: வருத்தம் நீண்ட காலமாக ஒரே நிலையில் இருந்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் பெயர் சொல்லிக் கண்டறிந்திருக்க வேண்டும். கூடுதல் குறைவை எண்ணில் அளக்க முடிய வேண்டும். உங்கள் ஊரிலிருந்து அவர் தொடர்ந்து வரக்கூடியவராகவும் இருக்க வேண்டும்.

நோய் என்ன என்பதற்கு உங்கள் சொல் மட்டும் போதாது. நோயாளியின் கிளினிக் கொப்பியைக் கேளுங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ, கல்முனை, களுவாஞ்சிக்குடி, அக்கரைப்பற்று ஆதார வைத்தியசாலைகளிலோ காட்டியிருந்தால் அந்தக் கொப்பியில் நோயின் பெயரும் திகதியும் மருந்தும் இருக்கும். நம்மிடம் வரும் ஆக்கள் அதைப் பலநேரம் வீட்டில் வைத்துவிட்டு வருவார்கள். ஹோமியோபதி டொக்டருக்குக் காட்டினால் ஏசுவாரோ என்ற பயம் வேறு. "கொப்பியைக் கொண்டு வாங்கம்மா, அது எனக்கு உதவி" என்று முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள்.

தோல்விக் கேஸும் எழுதத் தகுந்ததே. மருந்து வேலை செய்யாததையும், வருத்தம் கூடியதையும் நாம் எழுதாமல் விடுவதால்தான் மற்ற வைத்தியர்கள் நம் கட்டுரைகளை நம்பத் தயங்குகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. இதை மட்டும் தயவுசெய்து மீறாதீர்கள். கேஸ் "சுத்தமாக" இருக்க வேண்டும் என்பதற்காக யாருடைய இன்சுலினையும், வலிப்பு மருந்தையும், காசநோய் மருந்தையும், பிரஷர் குளிசையையும் நிறுத்தச் சொல்லாதீர்கள். மழைக்காலத்தில் காய்ச்சலோடு வருபவரைக் கேஸாகப் பார்க்காதீர்கள். அது டெங்குவாக இருக்கலாம். இரத்தப் பரிசோதனைக்கு உடனே அனுப்புங்கள்.

3. சம்மதம்: மருந்து கொடுக்கும் முன்

என் முதல் கேஸ் செத்தது இங்கேதான். சுகமான பிறகு கேட்டால் நன்றியினால் தலையாட்டுவார்கள். அதை உண்மையான சம்மதம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முதல் நாளில், இன்னும் எதுவும் நடக்காதபோது கேளுங்கள்.

சம்மதப் படிவத்தில் இவை இருக்க வேண்டும்: உங்கள் கேஸை ஒரு மருத்துவ இதழில் எழுத விரும்புகிறேன், பெயர் வராது, ஆனாலும் ஊரார் அடையாளம் காணும் வாய்ப்பு முற்றாக இல்லை என்று சொல்ல முடியாது, இணையத்தில் வந்த பிறகு அதைத் திரும்ப எடுக்க முடியாது, வெளிவரும் முன் எந்த நேரமும் நீங்கள் வேண்டாம் என்று சொல்லலாம், வேண்டாம் என்றாலும் மருத்துவம் அப்படியே தொடரும், இதற்காகக் காசு வாங்குவதுமில்லை, தருவதுமில்லை.

படிவத்தை இலக்கணத் தமிழில் எழுதாதீர்கள். நான் எழுதிய முதல் படிவத்தைப் பக்கத்து வீட்டுப் பெத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். "இதில நான் என்னத்துக்கு ஓமெண்டு சொல்றன்?" என்று கேட்டார். அன்றிரவே முழுதையும் திருப்பி எழுதினேன். நீங்களும் யாருக்காவது வாசித்துக் காட்டுங்கள். அம்பாறை நகர்ப் பக்கம் இருப்பவர்கள் சிங்களப் படிவமும் வைத்திருக்க வேண்டும். ஒருவர் மொழிபெயர்த்ததை வேறொருவரிடம் கொடுத்துத் திருப்பித் தமிழாக்கச் சொல்லி ஒப்பிட்டுப் பாருங்கள். பொருள் மாறிய இடம் உடனே தெரியும்.

வாசிக்கத் தெரியாதவர் என்றால் அவருக்கு நம்பிக்கையான ஒருவர் சாட்சியாக இருந்து கையெழுத்திட வேண்டும். உங்கள் கிளினிக்கில் வேலை செய்பவர் சாட்சியாகக் கூடாது. 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் தாயோ தகப்பனோ கையெழுத்திடுவார். பிள்ளைக்கு விளங்கும் வயதென்றால் பிள்ளையிடமும் கேளுங்கள். காத்தான்குடி, ஏறாவூர், சம்மாந்துறைப் பக்கம் உம்மாமாரும் ராத்தாமாரும் தோல் வருத்தத்தைப் படம் எடுக்கத் தயங்குவார்கள். வற்புறுத்தக் கூடாது. உடலின் வரைபடத்தில் இடத்தைக் குறித்து, அளவை எழுதிவைத்தாலும் போதும்.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவை விசேட வகையாகக் கருதுகிறது. ஆகவே கையெழுத்திட்ட படிவங்களைப் பூட்டுள்ள அலுமாரியில் வையுங்கள். கேஸ் கோப்பில் பெயருக்குப் பதில் ஒரு இலக்கம் இருக்கட்டும். இலக்கத்தையும் பெயரையும் இணைக்கும் கொப்பி வேறு இடத்தில் இருக்கட்டும்.

செலவு: படிவத்தின் போட்டோக்கொப்பிக் காசு மட்டும். ஒன்று உங்களுக்கு, ஒன்று நோயாளிக்கு.

4. முதல் நாள் அளவு

"நன்றாகக் குறைந்துவிட்டது" என்பதை எந்த இதழும் அளவாக ஏற்காது. வருத்தத்துக்கேற்ற அளவுகோல் ஒன்றை மருந்து தொடங்கும் முன்னே தேர்ந்தெடுங்கள். அட்டோபிக் என்ற வகைக் கரப்பானுக்கு ஸ்கோராட் இருக்கிறது. 0 முதல் 103 வரை. தோல் வருத்தம் வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது என்று பார்க்க டி.எல்.கியூ.ஐ.; 10 கேள்வி, 30 புள்ளி. வலிக்கு 10 சென்டிமீட்டர் கோடு ஒன்று போதும். எந்த வருத்தத்துக்கும் பொருந்துவது வேண்டும் என்றால் மைமோப். நோயாளியே தன் முக்கிய அறிகுறி ஒன்றையோ இரண்டையோ சொல்லி எண் போடுவார். கேள்வித்தாளை நீங்களே தமிழாக்கிப் பாவிக்காதீர்கள். ஏற்கெனவே சரிபார்த்த தமிழ் வடிவம் உண்டா என்று உரிமையாளரிடம் கேட்டு, அனுமதியோடு எடுங்கள்.

என் இரண்டாவது கேஸ் காணாக்கடி. ஒரு ஆசிரியை, இரண்டு வருடமாகக் கிட்டத்தட்டத் தினமும் தடிப்பு. அதற்கு யூ.ஏ.எஸ்.7 என்ற நாட்குறிப்பு முறை பாவித்தேன். ஒவ்வொரு நாளும் தடிப்புக்கு 0 முதல் 3, கடிக்கு 0 முதல் 3. ஏழு நாளைக் கூட்டினால் உச்சம் 42. ஒரு கோடு போட்ட கொப்பி கொடுத்தேன். அதிலேயே இன்னொரு பத்தியில் அன்று கடிக்கு எத்தனை செட்டிரிசின் (ஒவ்வாமைக் குளிசை) போட்டார் என்று எழுதச் சொன்னேன். எனக்கு மிக உதவியது இந்தக் குளிசைக் கணக்குத்தான். மருந்து தொடங்கும் முன் இரண்டு கிழமை வெறுமனே எழுதச் சொன்னேன். அந்த இரண்டு கிழமை இல்லாவிட்டால் ஒப்பிட எதுவும் இருந்திருக்காது.

படம் எடுக்கும்போது ஒரே இடம், ஒரே யன்னல் வெளிச்சம், ஒரே தூரம். பக்கத்தில் ஒரு அடிமட்டம் வையுங்கள். மோதிரம், தாலி, பச்சை குத்தியது எதுவும் படத்தில் வரக்கூடாது. முகமென்றால் கண்ணுக்கு மேல் கறுப்புக் கோடு போடுவது அடையாளத்தை மறைக்கப் போதாது. படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பிச் சேமிக்காதீர்கள், தரம் குறைந்துவிடும். போன் தானாகவே படங்களை இணையத்துக்கு ஏற்றுகிறதா என்றும் பாருங்கள், அதை நிறுத்திவையுங்கள்.

5. மருந்து விவரமும் மற்றதெல்லாமும்

மருந்தின் முழு இலத்தீன் பெயர், பொட்டென்சி (எவ்வளவு நீர்த்தது), எந்த அளவுமுறையில் நீர்த்தது, தயாரித்த நிறுவனம், தொகுதி இலக்கம், உருண்டையா துளியா, எத்தனை, எத்தனை நாளுக்கொரு தரம். எந்த ரெப்பர்ட்டரியில் (அறிகுறிக்கேற்ற மருந்துகளின் பட்டியல் நூல்) எந்த அறிகுறிகளை வைத்துத் தேர்ந்தீர்கள். மாற்றினால் ஏன், என்றைக்கு. சென்னையிலிருந்து கொண்டுவந்த போத்தலாக இருந்தால் அதன் லேபிளைப் படம் எடுத்துவையுங்கள். ஆறு மாதத்தில் எழுத்து அழிந்துவிடும். இவ்வளவுதான், இது நமக்குப் பழக்கமான வேலை.

நாம் விடுகிறது மற்றப் பக்கம். ஒவ்வொரு வருகையிலும் ஒரே ஐந்து கேள்வியைக் கேளுங்கள். நான் அவற்றை ஒரு சிறு தாளில் அச்சடித்து மேசையில் ஒட்டியிருக்கிறேன். ஆஸ்பத்திரி மருந்து எதுவும் கூடியதா, குறைந்ததா, நின்றதா? பாமசியில் எதுவும் வாங்கினீர்களா? கைமருந்து, எண்ணெய், கசாயம், பரிசாரியாரிடம் எடுத்தது ஏதும்? வேலையோ வீடோ சாப்பாடோ மாறியதா? ஊரை விட்டு எங்காவது போய் நின்றீர்களா? கடைசிக் கேள்வி அந்த அக்கரைப்பற்றுப் பயணத்தால் சேர்ந்தது.

நம் பகுதியில் பருவத்தையும் எழுத வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தோல் வறண்டு வெடிக்கும். வாடைக் காலத்தில் அதே தோல் வேறு மாதிரி இருக்கும். வயலில் நிற்பவருக்குச் சேற்றுப்புண் விதைப்புக் காலத்தில் வந்து, வயல் காய்ந்ததும் போகும். கச்சானில் தொடங்கி மாரியில் முடித்துவிட்டு மருந்தால் மாறியது என்று எழுதினால், கிழக்கைத் தெரிந்த எந்த வாசகரும் ஏற்க மாட்டார். முடிந்தால் ஒரு முழு வருடம் பாருங்கள்.

பின்தொடர்வதில் பெரிய இடைஞ்சல் அறுவடை. பெரும்போக வெட்டுக் காலத்தில் படுவான்கரை ஆக்கள் கிளினிக்குக்கு வரமாட்டார்கள், வரவும் முடியாது. வெள்ளம் வந்தால் மண்டூர்ப் பாதையும் நின்றுவிடும். அந்தக் கிழமைகளில் போனில் கேட்டு எழுதுங்கள். "தொலைபேசி வழி" என்று குறித்துத் திகதியும் போடுங்கள். பேருந்துக் காசு இல்லாமல் வராமல் விடுபவரும் உண்டு. ஆய்வுக்காக மட்டும் நீங்கள் கூப்பிடும் வருகை என்றால் அந்தக் காசை நீங்கள் கொடுப்பதுதான் முறை. பரிசோதனையும் அப்படித்தான். மருத்துவத்துக்குத் தேவையான இரத்தப் பரிசோதனை வேறு, உங்கள் கட்டுரைக்குத் தேவையானது வேறு. இரண்டாவதற்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது.

6. நெறிமுறைக் குழு: எப்போது, எங்கே

ஒரே ஒரு நோயாளியின் அறிக்கைக்குப் பல இடங்களில் முழு மீளாய்வு தேவையில்லை. எழுத்துச் சம்மதம் போதும் என்பார்கள். ஆனால் சில இதழ்கள், "அனுமதி தேவையில்லை என்று குழு தந்த கடிதத்தை அனுப்புங்கள்" என்று கேட்கும். அந்தக் கடிதத்தையும் முதலிலேயே கேட்டு வாங்கிவையுங்கள். மூன்று பேருக்கு மேற்பட்ட தொகுப்பாகப் போனால் அதைப் பெரும்பாலும் ஆய்வாகவே கருதுவார்கள். முழு விண்ணப்பம் வேண்டும்.

நமக்கு அருகில் இருப்பது கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞானங்கள் பீடம், மட்டக்களப்பிலேயே. கொழும்பில் இலங்கை மருத்துவச் சங்கத்துக்கும் நெறிமுறை மீளாய்வுக் குழு உண்டு. எங்கே விண்ணப்பித்தாலும் முதலில் போனில் மூன்று விசயம் கேளுங்கள்: நிறுவனத்தில் இல்லாத தனி வைத்தியரின் விண்ணப்பத்தை எடுப்பீர்களா, கட்டணம் எவ்வளவு, அடுத்த கூட்டத்துக்கான கடைசித் திகதி எது? தனி ஆளை எடுக்க மாட்டோம் என்றால் பல்கலைக்கழகத்திலுள்ள ஒருவரை இணை ஆய்வாளராகச் சேருங்கள். எனக்கு அப்படி உதவியவர் மேலைத்தேய மருத்துவர். ஹோமியோபதியில் அவருக்கு நம்பிக்கை இல்லை. என் திட்டத்தில் இருந்த ஓட்டைகளை முதலில் காட்டியவரும் அவர்தான். அப்படிப்பட்ட ஒருவரைத் தேடிப் பிடியுங்கள்.

விண்ணப்பத்தோடு பொதுவாகக் கேட்பவை: ஆய்வுத் திட்டம், தகவல் தாளும் சம்மதப் படிவமும் மூன்று மொழியில், தரவு சேகரிக்கும் படிவம், எல்லா ஆய்வாளரின் தன்விபரக் கோவை, பதிவுச் சான்றிதழ். ஒன்று குறைந்தாலும் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போகும். திருத்தம் கேட்டுத் திரும்பி வருவது வழமை, மனம் உடையாதீர்கள். மூன்று மாதத்தை இதற்கென்று ஒதுக்கிவையுங்கள்.

பெரிய பொறி இது: நோயாளிகளைப் பார்த்து முடித்துவிட்டுப் பிறகு அனுமதி கேட்பது. பின்திகதியிட்டு எந்தக் குழுவும் அனுமதி தராது.

7. எழுதுவது

இரண்டு பட்டியலை அச்சடித்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று 2013இல் வந்த கேர் வழிகாட்டி. எந்த மருத்துவ முறையின் கேஸ் ரிப்போர்ட்டுக்கும் பொது. தலைப்பிலிருந்து நோயாளியின் சொந்தக் கருத்து, சம்மதம் வரை 13 விசயம். மற்றது 2016இல் ஹோமியோபதிக்கென்று அதோடு சேர்த்த ஹோம்-கேஸ். இரண்டும் இலவசம். ஒவ்வொரு விசயமும் உங்கள் கட்டுரையின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று எழுதி, அந்தத் தாளையும் கட்டுரையோடு அனுப்புங்கள்.

கேர் பட்டியலில் நம்மவர்கள் தவறவிடுவது கால வரிசை. ஒரு கோட்டில் திகதிகளைப் போட்டு, மேலே அறிகுறி, கீழே மருந்து என்று வரையுங்கள். ஆஸ்பத்திரி மருந்தும் அதே கோட்டில் வர வேண்டும்.

பிறகு மோனார்க். மாற்றத்துக்கு நாம் கொடுத்த மருந்துதான் காரணம் என்பதற்கு எவ்வளவு இடமிருக்கிறது என்று பார்க்கும் 10 கேள்வி; குறைந்தது −6, கூடியது 13. முதன்மை அறிகுறி குறைந்தால் +2. சோதனை போன்ற புறச் சான்று இருந்தால் +2. மாற்றத்துக்கு வேறு காரணம் இருக்கலாம் என்றால் −3. இந்த −3இல்தான் நேர்மை தெரியும். ஆசிரியையின் கேஸில் யூ.ஏ.எஸ்.7 கூட்டுத்தொகை 31இலிருந்து 6க்கு வந்தது, குளிசையும் கிழமைக்கு ஏழிலிருந்து ஒன்றாகக் குறைந்தது. ஆனாலும் செட்டிரிசின் தொடர்ந்தது. நாட்பட்ட காணாக்கடி பலருக்குத் தானாகவே அடங்குவதும் உண்மை. ஆகவே −3 போட்டேன். கூட்டினால் 1. அதை அப்படியே எழுதினேன். அந்த 1க்காக இதழ் கட்டுரையைத் திருப்பவில்லை. மதிப்பீட்டாளர் இருவரில் ஒருவர் அந்தப் பந்தியைத்தான் பாராட்டியிருந்தார்.

கலந்துரையாடல் பகுதியில் பெரிய வார்த்தை வேண்டாம். "குணப்படுத்துகிறது", "நிரூபிக்கிறது" என்ற இரண்டு சொல்லையும் தேடி அழித்துவிடுங்கள். 12 சி பொட்டென்சிக்கு (நூறில் ஒன்றாகப் பன்னிரண்டு தரம் நீர்த்ததற்கு) மேல் மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சியிருக்க வாய்ப்பில்லை என்ற கேள்வியை எல்லா மதிப்பீட்டாளரும் மனதில் வைத்திருப்பார்கள். 2015இல் அவுஸ்திரேலியாவின் தேசிய சுகாதார மருத்துவ ஆராய்ச்சிச் சபை ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்துவிட்டு, ஹோமியோபதி பயன் தரும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்றுள்ள நோய் எதுவும் இல்லை என்று முடிவு சொன்னது. இதைத் தெரியாதவர்போல எழுதக் கூடாது. ஒரு நோயாளியின் கதையால் அந்த முடிவை மாற்ற முடியாது. அது ஒரு கேள்வியை எழுப்பலாம், ஒரு பாதுகாப்புப் பிரச்சினையைக் காட்டலாம், ஒழுங்கான ஆய்வுக்கு இடமிருக்கிறதா என்று சொல்லலாம். அந்த அளவோடு நிறுத்துங்கள்.

அடையாளத்தைத் திரும்பவும் பாருங்கள். நம் ஊர்கள் சின்னவை. "மண்டூரைச் சேர்ந்த 43 வயதுப் பெண் ஆசிரியை" என்று எழுதினால் ஊரே கண்டுபிடித்துவிடும். "கிழக்கு மாகாணத்தில் வசிக்கும், நாற்பதுகளிலுள்ள பெண்" போதும். இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் இரண்டு பேரையும்கூடச் சில விபரங்களை மாற்றி, அவர்களுக்கு வாசித்துக் காட்டிய பிறகே எழுதுகிறேன்.

8. இதழும் காசும்

கட்டுரை எழுதுகிறீர்கள் என்று தெரிந்த கிழமையே உங்கள் மின்னஞ்சலுக்கு "மதிப்புக்குரிய பேராசிரியர் அவர்களே" என்று அழைப்புகள் வரும். மூன்று நாளில் மதிப்பீடு, ஏழு நாளில் வெளியீடு என்பார்கள். ஏற்றுக்கொண்ட பிறகுதான் டொலரில் கட்டணம் சொல்வார்கள். பிறகு கட்டுரையைத் திரும்ப எடுக்கவும் விடமாட்டார்கள். ஒரு தடவை அங்கே வெளிவந்துவிட்டால் வேறு நல்ல இதழ் அதை எடுக்காது. நோயாளி நம்பித் தந்த சம்மதமும் அதோடு வீண்.

அனுப்பும் முன் பாருங்கள்: திறந்த அணுக்க இதழ்களின் (யாரும் இலவசமாக வாசிக்கக்கூடியவை) பட்டியலான டி.ஓ.ஏ.ஜே.யில் இருக்கிறதா? ஆசிரியர் குழுவிலுள்ளவர்கள் தங்கள் பல்கலைக்கழகப் பக்கத்திலும் அந்த இதழின் பெயரைச் சொல்கிறார்களா? கட்டணம் முன்கூட்டியே எழுதியிருக்கிறதா? நம் துறைக்குள் இந்தியாவின் மத்திய ஹோமியோபதி ஆராய்ச்சிச் சபை வெளியிடும் இதழும், 'ஹோமியோபதி' என்ற பெயரிலேயே நீண்ட காலமாக வரும் ஆங்கில இதழும் உண்டு. அவற்றின் பழைய கேஸ் ரிப்போர்ட் ஐந்தை வாசித்துவிட்டு எழுதத் தொடங்குங்கள். கேஸ் ரிப்போர்ட் எடுக்கிறார்களா, சொல் எண்ணிக்கை எவ்வளவு என்பதை அனுப்பும் அன்று திரும்பப் பாருங்கள், மாறும்.

டொலர் கட்டணத்தை ரூபாவில் கணக்குப் போட்டு, அதற்கு மேலும் கொஞ்சம் கூட்டி வையுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவளவுக்குப் போனதை நாம் பார்த்தவர்கள். கட்டணத் தள்ளுபடி தரும் இதழ்கள் உண்டு. கட்டுரை அனுப்பும்போதே கேட்க வேண்டும், ஏற்றுக்கொண்ட பிறகு கேட்டால் தரமாட்டார்கள். ஆங்கிலத் திருத்தத்துக்குக் கொம்பனிகளுக்குக் காசு கொட்டாதீர்கள். நல்ல ஆங்கில ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்தாலே போதும். மருத்துவச் சொற்களை மட்டும் நீங்கள் காவல் செய்யுங்கள்.

எனக்கு எடுத்த காலம்: முன் அளவு இரண்டு கிழமை, பின்தொடர்தல் ஏழு மாதம், எழுதவும் திருத்தவும் இரண்டு மாதம், மிச்சம் இதழில். குழுவின் கடிதத்தைப் பின்தொடர்தல் நடக்கும்போதே வாங்கியதால் அது தனிக் காலம் எடுக்கவில்லை.

9. ஆய்வாகச் செய்ய நினைத்தால்

பல நோயாளிகளைச் சேர்த்து, மருந்து கொடுத்து ஒப்பிடும் ஆய்வு வேறு உலகம். தனியே இறங்காதீர்கள், புள்ளிவிபரம் தெரிந்தவர் தொடக்கத்திலேயே வேண்டும். நெறிமுறை அனுமதிக்குப் பிறகு, முதல் நோயாளியைச் சேர்க்கும் முன், இலங்கை மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிய வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வலையமைப்பிலுள்ள இந்தப் பதிவேட்டை இலங்கை மருத்துவச் சங்கம் நடத்துகிறது. பதியாத ஆய்வை நல்ல இதழ்கள் வாசிக்காமலே திருப்பும். எழுதும்போது இப்படிப்பட்ட ஒப்பீட்டு ஆய்வுகளை எழுதுவதற்கான கன்சோர்ட் பட்டியலும், ஹோமியோபதிக்கான அதன் துணைப் பட்டியலான ரெட்ஹொட்டும் வேண்டும்.

10. வெளிவந்த பிறகு

கட்டுரையின் ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கத்தை அச்சடித்து நோயாளியிடம் கொடுங்கள். பத்திரிகைக்கும் முகநூலுக்கும் விளம்பரமாகப் போடாதீர்கள்; அவர் மருத்துவ இதழுக்குத்தான் சம்மதம் தந்தார். நாட்குறிப்புக் கொப்பி, படங்கள், படிவங்களைக் குழு சொன்ன காலம் வரை பூட்டிவையுங்கள். ஈரம் ஏறாத உயரத்தில் வையுங்கள், நம் பக்கம் ஒவ்வொரு மாரியிலும் வெள்ளம் வீட்டுக்குள் வரும். அந்த ஆசிரியைக்கு ஒரு வருடம் கழித்துக் காணாக்கடி திரும்ப வந்தது. அதையும் எழுதி இதழுக்கு ஒரு கடிதமாக அனுப்பியிருக்கிறேன். உங்களுக்கும் அப்படி நடந்தால் அனுப்புங்கள். பெரும்பாலான இதழ்களில் ஆசிரியருக்குக் கடிதம் என்ற பகுதி இருக்கும்.